தோற்ற பிரான்ஸ் வென்றவர்களோடு அமர்ந்தது எப்படி? தெ கோல் நான்கு ஆண்டுகளில் கட்டிய ஆட்சியுரிமை

ஐ.நா. பாதுகாப்பு அவையின் வீட்டோ அதிகாரம் செய்தியாகும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி எழுகிறது. நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தும் இரண்டாம் உலகப் போரில் வென்றவை என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. ஆனால் பிரான்ஸ், 1940 மே 10 அன்று தொடங்கிய ஜெர்மானியத் தாக்குதலுக்கு ஆறே வாரங்களில் பணிந்த நாடு. அதன் பிறகு அங்கே அமைந்த அரசு எதிரியோடு ஒத்துழைத்தது. தன் காவலர்களைக் கொண்டே யூதர்களைப் பிடித்து ஜெர்மானியரிடம் ஒப்படைத்தது. இப்படிப்பட்ட நாடு 1945 மே மாதம் பெர்லினில் ஜெர்மனியின் சரணாகதிப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்டதும், ஜெர்மனியின் ஒரு பகுதியை ஆக்கிரமிப்பு மண்டலமாகப் பெற்றதும், பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் பெற்றதும் எப்படி?

நேச நாடுகள் விடுவித்துக் கொடுத்தன என்பது போதிய விடையாகாது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் அவ்வாறே விடுவிக்கப்பட்டன. அவற்றின் சட்டப்படியான அரசுகள் லண்டனில் இருந்தபடி போரைத் தொடர்ந்தும் இருந்தன. பிரான்சுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை; அதன் சட்டப்படியான அரசே போரிலிருந்து விலகிவிட்டது. அந்த வெற்றிடத்தில், படையோ நிலமோ பணமோ தேர்தலில் பெற்ற ஒரு வாக்கோ இல்லாத பதவியில் இளைய ஒரு தளபதி, 'பிரான்ஸ் போரில்தான் இருக்கிறது' என்ற ஒரு வாதத்தை முன்வைத்து, நான்கு ஆண்டுகளில் அதை உலகம் ஏற்கும் உண்மையாக்கினார். ஆங்கில வழியில் 'டி கால்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் சார்ல் தெ கோல் அவர்தான். (பெயரைப் பிரெஞ்சு ஒலிப்பை ஒட்டி இவ்வாறு எழுதுகிறேன்.) அவருடைய தலைமையைப் புரிந்துகொள்ள வீரக் கதைகளைவிட இந்த வாதம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்பதே உதவும்.

முதலில் இரண்டு சொற்கள்: சரணடைதல், போர்நிறுத்தம்

அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், 1940 ஜூனில் பிரான்சின் தலைவிதியே இவற்றுக்கு இடையிலான வேறுபாட்டில்தான் தொங்கியது.

1. சரணடைதல் என்பது படைத்தலைவர் ஒருவர் தன் படையின் சார்பில் செய்யும் செயல். அது அந்தப் படையை மட்டுமே கட்டுப்படுத்தும். அரசு வேறிடம் சென்று போரைத் தொடரலாம். நெதர்லாந்தில் நடந்தது இதுதான். 1940 மே மாத நடுவில் அதன் படை சரணடைந்தது. அரசியும் அமைச்சரவையும் லண்டனில் இருந்து போரைத் தொடர்ந்தனர்.

2. போர்நிறுத்த உடன்படிக்கை என்பது அரசு செய்யும் அரசியல் செயல். அது கடற்படை, குடியேற்ற நாடுகள், நிர்வாகம் என அரசுக்கு உட்பட்ட அனைத்தையும் கட்டுப்படுத்தும்.

பிரெஞ்சுப் பிரதமர் பால் ரெனோ முதல் வழியை விரும்பினார்: படை சரணடையட்டும், அரசு வட ஆப்பிரிக்காவுக்குச் செல்லட்டும் என்றார். தலைமைத் தளபதி வேகான் மறுத்தார். படை மட்டும் பணிவது படையின் மானத்துக்கு இழுக்கு என்பது அவர் நிலை. தோல்வியின் பொறுப்பை அரசியல்வாதிகளே ஏற்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். துணைப் பிரதமராயிருந்த மார்ஷல் பிலிப் பெத்தேன் அவர் பக்கம் நின்றார். முதல் உலகப் போரில் வெர்தன் கோட்டையைக் காத்த வீரராக நாடே போற்றிய பெத்தேனுக்கு அப்போது வயது 84. ஜூன் 16 இரவு ரெனோ பதவி விலகினார், பெத்தேன் பிரதமரானார், மறுநாள் வானொலியில், போரிடுவதை நிறுத்தியாக வேண்டும் என்று அறிவித்தார்.

ஜூன் 22 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் விதிகள் கடுமையானவை. நாட்டின் ஐந்தில் மூன்று பங்கு ஜெர்மானியர் வசம் சென்றது. பிரெஞ்சுப் படை ஒரு லட்சம் பேராகக் குறைக்கப்பட்டது. ஆக்கிரமிப்புச் செலவாக நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் விதிக்கப்பட்டது. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் போர்க்கைதிகள் ஜெர்மனியின் பிடியில் இருந்தனர். எஞ்சிய தெற்குப் பகுதியில் விஷி என்னும் நீரூற்று நகரைத் தலைமையிடமாகக் கொண்டு பெத்தேனின் அரசு நடந்தது. 'விஷி அரசு' என்ற பெயர் அதனால் வந்தது.

யார் இந்த மனிதர்?

தெ கோல் 1890 நவம்பர் 22 அன்று வட பிரான்சின் லீல் நகரில், கத்தோலிக்கப் பற்றும் நாட்டுப்பற்றும் மிக்க ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார். சேன்-சீர் படைப்பள்ளியில் பயின்று 33ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தபோது அதன் கர்னலாக இருந்தவர் இதே பெத்தேன். முதல் உலகப் போரில் மூன்று முறை காயமடைந்தார். 1916 மார்ச்சில் வெர்தன் அருகே தூவோமோனில் பிடிபட்டு, போர் முடியும்வரை 32 மாதங்கள் ஜெர்மானியச் சிறைகளில் கழித்தார். ஐந்து முறை தப்ப முயன்றும் முடியவில்லை. கிட்டத்தட்ட ஆறரை அடி உயரமுள்ள ஒருவர் கூட்டத்தில் மறைவது எளிதல்ல.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அவர் வலியுறுத்திய கருத்து ஒன்றே. அடுத்த போர் அகழிகளில் நடக்காது. விரைந்து நகரும் டாங்கிப் படைகளே அதை முடிவு செய்யும். ஒரு லட்சம் பேர் கொண்ட தொழில்முறைப் படை பிரான்சுக்கு வேண்டும் என்று 1934இல் எழுதினார். படைத்தலைமை ஜெர்மானிய எல்லையில் கட்டிய மாஜினோ அரணையே நம்பியது. அரசியல்வாதிகளில் அவர் சொன்னதைக் கேட்டவர் ரெனோ. 1940 மே மாதம், பிரான்ஸ் உடைந்துகொண்டிருந்தபோது, அவசரமாகத் திரட்டப்பட்ட நான்காம் கவசப் பிரிவுக்குத் தெ கோல் தலைமையேற்று மோன்கோர்னேயில் எதிர்த்தாக்குதல் நடத்தினார். அது தொடக்கத்தில் சிறிது முன்னேறியது. போரின் போக்கை மாற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குத் தற்காலிக பிரிகேடியர் ஜெனரல் பதவி கிடைத்தது. ஜூன் முதல் வாரத்தில் ரெனோ அவரைப் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலராக அமைச்சரவையில் சேர்த்தார். 49 வயதான அவர் அந்தப் பொறுப்பில் இருந்தது இரண்டு வாரங்கூட இல்லை. ஆனால் லண்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே தூது சென்ற அந்த நாட்களில்தான் சர்ச்சில் அவரை அறிந்தார். இந்த அறிமுகம் இல்லையென்றால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

ஜூன் 18: சொன்னதும் சொல்லாததும்

ஜூன் 17 காலை, பிரிட்டிஷ் தளபதி ஸ்பியர்ஸுடன் சிறு விமானத்தில் தெ கோல் போர்தோவிலிருந்து லண்டன் சென்றார். மறுநாள் மாலை பிபிசி வானொலியில் பேசினார். பிரிட்டிஷ் அமைச்சரவை முதலில் அந்த உரைக்கு அனுமதி மறுத்தது. பெத்தேன் அரசை வீணாகச் சினமூட்ட வேண்டாம் என்று எண்ணியது. சர்ச்சில் தலையிட்ட பிறகே முடிவு மாறியது. அந்த ஒலிபரப்பு பதிவு செய்யப்படவில்லை. பிரான்சில் அதைக் கேட்டவர்களும் சிலரே. சாலைகளில் லட்சக்கணக்கானோர் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

உரையின் வலிமை உணர்ச்சியில் இல்லை, கணக்கில் இருந்தது. பிரான்சை வீழ்த்தியது எதிரியின் இயந்திர வலிமை. அதைவிட மேலான இயந்திர வலிமையால் நாளை வெல்ல முடியும். பிரான்சின் பின்னால் பரந்த பேரரசு இருக்கிறது. கடலை ஆளும் பிரிட்டன் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்வளம் இருக்கிறது. இந்தப் போர் உலகப் போர். பிரான்சில் நடந்த சண்டை அதை முடித்துவிடவில்லை. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் போரில் இல்லாத 1940 ஜூனில் இவ்வளவு தெளிவாகக் கணித்தவர்கள் மிகச் சிலர். பெத்தேனும் வேகானும் இதை ஐரோப்பாவில் நடந்து முடிந்த ஒரு போராகப் பார்த்தனர். பிரிட்டனும் சில வாரங்களில் பணியும் என்பது அவர்கள் கணக்கு. இருதரப்புக்கும் இடையிலான வேறுபாட்டை வீரம், கோழைத்தனம் என்று மட்டும் சொல்வது சரியாகாது. போர் எங்கே முடியும் என்ற மதிப்பீட்டில்தான் அவர்கள் முதலில் பிரிந்தார்கள்.

அந்த உரையில் தெ கோல் சொல்லாதவையும் உண்டு. தன்னை ஓர் அரசின் தலைவராக அவர் அறிவிக்கவில்லை. பிரிட்டிஷ் மண்ணில் இருக்கும் பிரெஞ்சுப் படையினரையும் ஆயுதத் தொழிலாளர்களையும் தன்னோடு தொடர்புகொள்ளுமாறு கேட்டார், அவ்வளவே. பெரிய தலைவர் எவரேனும் வந்தால் அவர் பின்னால் நிற்கவும் அப்போது அணியமாயிருந்தார். எவரும் வரவில்லை. ஜூன் 28 அன்று, தெ கோலோடு சேரும் எல்லா சுதந்திர பிரெஞ்சுக்காரர்களின் தலைவராக பிரிட்டன் அவரை ஏற்றது. ஜூலை இறுதியில் அவரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 7,000 பேர்தாம். ஆகஸ்ட் 2 அன்று பெத்தேன் அரசின் படை நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

சட்டம் ஒருபுறம், ஆட்சியுரிமை மறுபுறம்

இந்தச் சிக்கலின் நடுமுடிச்சு இதுவே. 1940 ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம் 569க்கு 80 என்ற வாக்கில், புதிய அரசியல் சட்டம் வகுக்கும் முழு அதிகாரத்தையும் பெத்தேனிடம் ஒப்படைத்தது. வாக்களித்தவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அமெரிக்கா உட்பட உலக நாடுகள் பல விஷி அரசைப் பிரான்சின் அரசாகவே நடத்தின. சட்டப் புத்தகத்தை மட்டும் திறந்து பார்த்தால், பெத்தேன் அரசுத் தலைவர். தெ கோல் ஓடிப்போன படையதிகாரி.

இதை எதிர்கொள்ளத் தெ கோலுக்கு ஒரு வழக்குரைஞர் தேவைப்பட்டார். ஜூன் இறுதியில் லண்டன் வந்து சேர்ந்த சட்டப் பேராசிரியர் ரெனே காசேன் அந்த இடத்தை நிரப்பினார். பிரிட்டனோடு ஒப்பந்தம் எழுதும் முன், நாம் பிரிட்டிஷ் படையில் சேரும் வெளிநாட்டவரா, இல்லை ஒரு நேச நாட்டின் படையா என்று அவர் கேட்டதாகவும், 'நாம்தான் பிரான்ஸ்' என்று தெ கோல் விடையளித்ததாகவும் காசேன் பின்னாளில் பதிவு செய்தார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவர்கள் அடுக்கிய வாதங்கள் இவை:

1. 1884ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடியரசு என்ற ஆட்சி வடிவத்தை மாற்றும் முன்மொழிவையே கொண்டுவர முடியாது. ஆகவே நாடாளுமன்றம் தன்னிடம் இல்லாத அதிகாரத்தைப் பெத்தேனுக்கு வழங்கியது.

2. அரசியல் சட்டம் இயற்றும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. அதை அவர்கள் மூன்றாம் ஒருவருக்குக் கைமாற்றித் தர முடியாது.

3. புதிய அரசியல் சட்டத்தை நாட்டு மக்கள் ஏற்க வேண்டும் என்று ஜூலை 10 தீர்மானமே சொன்னது. அந்த ஒப்புதல் கடைசிவரை கேட்கப்படவில்லை.

4. எதிரியின் பிடியில் இருக்கும் அரசு தன் விருப்பப்படி முடிவெடுக்க இயலாதது. ஆகவே அது நாட்டின் சார்பில் பேசத் தகுதியற்றது.

முதல் மூன்றும் சட்ட நுணுக்கங்கள். அவற்றை மறுக்கவும் முடியும். தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இவ்வளவு பெரும்பான்மையோடு எடுத்த முடிவை வெறும் நடைமுறைப் பிழை என்று ஒதுக்குவது கடினம். தெ கோலின் உண்மையான வலிமை நான்காவது வாதத்தில் இருந்தது. ஒரு நாட்டின் சுதந்திரத்தைக் காக்காத அரசு, எத்தனை முத்திரைகள் வைத்திருந்தாலும், ஆளும் உரிமையை இழக்கிறது என்பது அதன் பொருள். சட்டப்படி அமைவது வேறு, ஆளும் உரிமை பெறுவது வேறு என்ற இந்தப் பிரிவினை ஆபத்தான கருத்தும்கூட; எந்தப் படையதிகாரியும் இதைச் சொல்லிக் கிளர்ச்சி செய்யலாம். ஆகவே, தான் செய்த செயல்கள் அனைத்துக்கும் பிற்பாடு மக்கள் பிரதிநிதிகளிடம் கணக்குத் தருவதாக 1940 அக்டோபர் 27 அன்று ஆப்பிரிக்காவின் பிராசவில் நகரிலிருந்து வெளியிட்ட அறிக்கையில் அவர் உறுதியளித்தார். அந்த உறுதிமொழியை அவர் காப்பாற்றினார்.

நிலம்: ஆப்பிரிக்காவும் புதுச்சேரியும்

வாதத்துக்கு நிலம் வேண்டும். வெளிநாட்டு நகரில் வாடகை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரை எந்த நாடும் அரசாக மதிக்காது. அந்த நிலத்தைக் கொடுத்தது ஆப்பிரிக்கா. 1940 ஆகஸ்ட் 26 அன்று சாடு தெ கோல் பக்கம் சேர்ந்தது. அதன் ஆளுநர் பெலிக்ஸ் எபுவே, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர். மறுநாள் கேமரூன், அதற்கு மறுநாள் காங்கோ. நதிக்கரை நகரான பிராசவில், தெ கோலின் இயக்கமான சுதந்திர பிரான்சின் தலைநகரானது. பிரான்சின் மானத்தைக் காத்த முதல் மண் ஆப்பிரிக்க மண் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னாளில் பிரான்ஸ் அதை மறந்த விதம் கீழே வருகிறது.

இந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பகுதிகளான புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவையும் ஆளுநர் லூயி போன்வேன் தலைமையில் அதே ஆண்டு செப்டம்பரில் சுதந்திர பிரான்சோடு இணைந்தன. நாற்புறமும் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்திருந்த நிலையில் வேறு முடிவெடுப்பது கடினமாகவே இருந்திருக்கும். எனினும் பசிபிக் தீவுகளையும் புதுச்சேரியையும் ஆப்பிரிக்காவையும் ஒரே கொடியின்கீழ்க் காட்ட முடிந்தது, தெ கோலின் வாதத்துக்கு எடை சேர்த்தது.

எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லை. செப்டம்பர் 23 முதல் 25 வரை செனகலின் தாக்கார் துறைமுகத்தைப் பிரிட்டிஷ் கப்பல்களோடு சென்று கைப்பற்ற முயன்றபோது, விஷிக்கு விசுவாசமான படை சுட்டு விரட்டியது. பிரெஞ்சுக்காரரைப் பிரெஞ்சுக்காரர் கொன்ற அந்தத் தோல்வி தெ கோலை உலுக்கியது. அதற்கு முன்பே, ஜூலை 3 அன்று, பிரெஞ்சுக் கப்பல்கள் ஜெர்மானியர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய பிரிட்டன் அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபிர் துறைமுகத்தில் அவற்றைத் தாக்கியதில் 1,297 பிரெஞ்சு மாலுமிகள் இறந்திருந்தனர். தன் நாட்டவரைக் கொன்ற நாட்டின் தலைநகரிலிருந்து பேசியபடி, அந்த நாட்டோடு கூட்டு தொடர வேண்டும் என்று அவர் தன் மக்களிடம் சொல்ல வேண்டியிருந்தது.

போர்க்களத்தில் அவருடைய இயக்கத்துக்கு மதிப்புத் தேடித் தந்தது லிபியப் பாலையில் பிர் ஹக்கீம். 1942 மே 26 முதல் ஜூன் 11 அதிகாலை வரை, பிரெஞ்சுத் தளபதி கெனிக் தலைமையில் ஏறத்தாழ 3,700 பேர் ஜெர்மானியத் தளபதி ரோம்மெலின் படையைத் தடுத்து நின்று, பின் முற்றுகையை உடைத்து வெளியேறினர். எண்ணிக்கையில் சிறிய போர். ஆனால் 1940க்குப் பிறகு பிரெஞ்சுப் படை ஜெர்மானியரை எதிர்த்து நிற்கிறது என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதிய முதல் பெரிய நிகழ்வு அதுவே.

நண்பர்களோடு நடந்த போராட்டம்

சர்ச்சில், ரூஸ்வெல்ட் இருவரோடும் தெ கோல் இடைவிடாமல் மோதினார். இதை அவருடைய செருக்கு என்று விளக்குவது வழக்கம். செருக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு தருக்கமும் இருந்தது. முழுவதும் அடுத்தவர் உதவியில் வாழும் ஒருவர் எல்லாவற்றுக்கும் இசைந்துபோனால், எடுபிடியாகத்தான் மதிக்கப்படுவார். ஆகவே சிறிய விஷயத்திலும் பிரான்சின் உரிமையை விட்டுக்கொடுக்காமல் நிற்பதே அவர் கையில் இருந்த ஒரே கருவி. 1940 ஆகஸ்ட் 7 ஒப்பந்தத்தில் பிரிட்டன் தந்த பணம் திருப்பித் தரவேண்டிய முன்பணமாகவே எழுதப்பட்டது.

ரூஸ்வெல்ட்டுக்கு அவர்மீது நம்பிக்கையே இல்லை. தேர்தலில் நில்லாத ஒரு தளபதி நாளைய சர்வாதிகாரி ஆகலாம் என்று எண்ணினார். விஷிக்குத் தூதரை அனுப்பி அதைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். 1941 டிசம்பர் 24 அன்று கனடா அருகே உள்ள சேன் பியேர், மிக்கெலோன் என்ற சிறு தீவுகளைத் தெ கோலின் கப்பல்கள் மீட்டபோது, சில ஆயிரம் பேர் வாழும் அந்தத் தீவுகளுக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை கொதித்தெழுந்தது.

மிகக் கடுமையான சோதனை 1942 நவம்பர் 8 அன்று வந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியதைத் தெ கோல் நடந்த பிறகே அறிந்தார். அமெரிக்கர்கள் அங்கே அதிகாரத்தை ஒப்படைத்தது விஷியின் முன்னாள் ஆட்சித் தலைவர் அட்மிரல் தார்லானிடம். யூதர்களுக்கு எதிரான விஷிச் சட்டங்கள் உட்படப் பழைய ஆட்சி அப்படியே தொடர்ந்தது. டிசம்பர் 24 அன்று தார்லான் சுட்டுக் கொல்லப்பட்ட பின் அமெரிக்கா ஜெனரல் ழிரோவை முன்னிறுத்தியது. ஜெர்மானியச் சிறைக்கோட்டையிலிருந்து தப்பிய வீரர் அவர். ஐந்து நட்சத்திரத் தளபதி. தெ கோலோ இரண்டு நட்சத்திரங்களோடு நின்றவர்; வாழ்நாள் முழுவதும் அதற்குமேல் பதவி உயர்வு ஏற்காதவர். படையும் அமெரிக்க ஆயுதமும் ழிரோவிடம் இருந்தன. ஆனாலும் 1943 முடிவதற்குள் ழிரோ அரசியல் தலைமையிலிருந்து ஓரங்கட்டப்பட்டார். அதற்கான காரணம் பிரான்சுக்குள் இருந்தது.

நாட்டுக்குள் கிடைத்த சான்று: ழான் மூலன்

பிரான்சுக்குள் எதிர்ப்பு இயக்கங்கள் தெ கோலின் கட்டளையில் தோன்றியவை அல்ல. கம்யூனிஸ்ட்கள், கத்தோலிக்கர்கள், சோசலிஸ்ட்கள், முன்னாள் படையினர் எனப் பலரும் தனித்தனியே தொடங்கியவை. சிலருக்கு லண்டனில் இருக்கும் தளபதியின் மீது ஐயமும் இருந்தது. சார்த்ர் நகரில் மாவட்ட ஆட்சியராக இருந்து விஷியால் நீக்கப்பட்ட ழான் மூலன், 1942 ஜனவரி தொடக்கத்தில் தெ கோலின் பிரதிநிதியாகப் பாராசூட்டில் பிரான்சில் இறங்கினார். ஒன்றரை ஆண்டு ஓயாத அலைச்சலுக்குப் பிறகு, 1943 மே 27 அன்று பாரிசின் ஒரு வீட்டில் தேசிய எதிர்ப்பு மன்றத்தின் முதல் கூட்டம் நடந்தது. எட்டு எதிர்ப்பு இயக்கங்கள், ஆறு கட்சிகள், இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் ஆகியவற்றின் பேராளர்கள் ஜெர்மானியக் காவல் சூழ்ந்த நகரில் ஒரே அறையில் கூடித் தெ கோலின் தலைமையை ஏற்றனர்.

தேர்தல் நடத்த முடியாத நாட்டில், தேர்தலுக்கு இணையாக வைக்கத்தக்க ஒரே சான்று அது. ழிரோவிடம் அப்படி எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்குள், ஜூன் 3 அன்று, அல்ஜியர்சில் பிரெஞ்சு தேசிய விடுதலைக் குழு இருவரின் கூட்டுத் தலைமையில் அமைந்தது. நவம்பருக்குள் தெ கோல் மட்டுமே தலைவர். மூலன் இதைப் பார்க்கவில்லை. ஜூன் 21 அன்று லியோன் அருகே பிடிபட்டார். கொடுஞ்சித்திரவதைக்குப் பிறகும் வாய் திறவாமல் ஜூலையில் இறந்தார். தெ கோலின் ஆட்சியுரிமையில் மூலனின் உயிர் கலந்திருக்கிறது. இந்த வரலாற்றில் வேறெவர் பெயரையும்விட அந்தப் பெயரை முன்னே வைக்கத் தோன்றுகிறது.

1944: பாயூவிலிருந்து பாரிஸ் வரை

நார்மண்டித் தரையிறக்கத்துக்குப் பிறகு விடுவிக்கப்படும் பிரெஞ்சுப் பகுதிகளைத் தங்கள் படை நிர்வாகத்தின்கீழ் வைக்க அமெரிக்கர்கள் அணியமாயிருந்தனர். அதற்கான அதிகாரிகளைப் பயிற்றுவித்து, பணத்தாள்களையும் அச்சடித்திருந்தனர். தெ கோல் அவற்றைக் கள்ளப் பணம் என்றார். ஜூன் 3 அன்று விடுதலைக் குழு தன்னைப் பிரெஞ்சுக் குடியரசின் தற்காலிக அரசு என்று அறிவித்தது. தரையிறங்கும் நாளையே அவருக்கு இரண்டு நாள் முன்புதான் சொன்னார்கள்.

ஜூன் 14 அன்று அவர் நார்மண்டிக் கரையில் இறங்கி, விடுவிக்கப்பட்ட முதல் ஊர்களில் ஒன்றான பாயூவுக்குச் சென்றார். மக்களிடம் பேசிவிட்டு அன்று மாலையே திரும்பினார். ஆனால் பிரான்சுவா கூலே என்பவரைக் குடியரசின் ஆணையராக அங்கே விட்டுச் சென்றார். சில நாட்களில் நிர்வாகம் கூலேயின் கைக்கு வந்தது. நேச நாட்டு அதிகாரிகள் வேலை நடப்பதைப் பார்த்து அவரோடே பேசத் தொடங்கினர். கேட்டுப் பெறாமல், இருந்து காட்டிப் பெறுவது என்ற அவருடைய முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஆகஸ்ட் 19 அன்று பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நகரைச் சுற்றிச் செல்ல எண்ணியிருந்த நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் மனம் மாறி, லெக்ளேரின் பிரெஞ்சுக் கவசப் பிரிவை அனுப்பினார். ஆகஸ்ட் 25 அன்று ஜெர்மானியப் படை சரணடைந்தது. பாரிசில் நுழைந்த தெ கோல் நகரமன்றத்துக்கு முன்பே சென்றது, 1940 ஜூனில் தான் விட்டுவந்த போர் அமைச்சக அலுவலகத்துக்கு. பிறகே நகரமன்றம் சென்றார். குடியரசைப் பறைசாற்றுமாறு எதிர்ப்பு மன்றத் தலைவர் பிதோ கேட்டபோது மறுத்தார். குடியரசு எந்நாளும் இல்லாமற் போகவில்லை; இல்லாமற் போகாத ஒன்றை மீண்டும் அறிவிப்பானேன் என்பது அவர் நிலை. இதையே ஆகஸ்ட் 9 அன்று வெளியான அவசரச் சட்டம் முன்னரே எழுதியிருந்தது: சட்டத்தின் பார்வையில் குடியரசு தொடர்ந்து இருந்தது; 1940 ஜூன் 16க்குப் பின் விஷி பிறப்பித்தவை செல்லாதவை. (செல்லாமை ஒவ்வொன்றாகச் சுட்டப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னதால், அன்றாட நிர்வாகச் சட்டங்கள் பல தொடர்ந்தன.)

அக்டோபர் 23 அன்று அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் மூன்றும் அவருடைய அரசை முறைப்படி ஏற்றன. 1945 பிப்ரவரியில் நடந்த யால்டா மாநாட்டுக்கு அவரை அழைக்கவில்லை. ஆயினும் பிரான்சுக்கு ஆக்கிரமிப்பு மண்டலம் கிடைத்தது. அதற்காக வாதாடியவர் சர்ச்சில். அமெரிக்கப் படை ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்காது என்று ரூஸ்வெல்ட் அங்கே சொன்னதும், சோவியத் வலிமைக்கு எதிரே தனியாக நிற்க விரும்பாத பிரிட்டனுக்கு வலுவான பிரான்ஸ் தேவைப்பட்டது. தெ கோலின் வாதம் மட்டும் வீட்டோவைத் தரவில்லை. ஆனால் இடத்தைக் கொடுக்க மற்றவர்கள் விரும்பியபோது, அதில் அமர ஓர் அரசு அணியமாயிருந்தது.

பதவியைத் துறந்தவர்

சர்வாதிகாரி ஆவார் என்ற அச்சம் பொய்த்தது. பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டம் 1944 ஏப்ரல் 21 அன்று அல்ஜியர்சில் பிறந்தது. 1945 ஏப்ரலில் அவர்கள் முதன்முறை வாக்களித்தனர். நிலக்கரிச் சுரங்கங்கள், ரெனோ கார் நிறுவனம், பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. சமூகப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. அக்டோபரில் தேர்தல் நடந்தது. அதில் வந்த கட்சிகளோடு ஒத்துவராமல் 1946 ஜனவரி 20 அன்று விலகினார். வலுவான குடியரசுத் தலைவர் வேண்டும் என்ற அவர் கருத்து, அல்ஜீரியப் போர் நெருக்கடியில் 1958இல் அவர் திரும்பிய பிறகே ஐந்தாம் குடியரசு என்னும் ஆட்சியமைப்பாக வடிவம் பெற்றது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1956 முதல் நிலுவையில் கிடந்த புதுச்சேரி ஒப்படைப்பு உடன்படிக்கையும் அதே ஆண்டு ஒப்புதல் பெற்று ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது.

கொடுத்த விலை

'நாம்தான் பிரான்ஸ்' என்ற வாதத்துக்கு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் வேறு சிலர்.

முதலில் ஆப்பிரிக்கர்கள். இத்தாலியிலும் தென் பிரான்சிலும் போரிட்ட பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதியினர் குடியேற்ற நாட்டவர். 1944 இலையுதிர் காலத்தில், வெற்றி நெருங்கிய வேளையில், ஆயிரக்கணக்கான கறுப்பின வீரர்கள் படையிலிருந்து விலக்கப்பட்டு, அவர்கள் இடத்தில் எதிர்ப்பு இயக்க இளைஞர்கள் சேர்க்கப்பட்டனர். டிசம்பர் 1 அன்று தாக்கார் அருகே தியாரோயில், போர்க்கைதிகளாயிருந்து திரும்பிய வீரர்கள் தங்கள் நிலுவை ஊதியத்தைக் கேட்டபோது பிரெஞ்சுப் படை சுட்டது. அரசின் பழைய கணக்கே 35 பேர் இறந்ததாகச் சொன்னது. ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய 1945 மே 8 அன்று அல்ஜீரியாவின் செத்தீபில் விடுதலைக் கொடி ஏந்தியவர்கள்மீது தொடங்கிய ஒடுக்குமுறை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இவை தெ கோலின் தற்காலிக அரசின் காலத்தில் நடந்தவை. பிரான்சின் சுதந்திரத்துக்காக அவர் பேசிய மொழியை அந்த மக்களுக்கு உரியதாக அவர் அன்று கருதவில்லை.

அடுத்தது யூதர்கள். 1942 ஜூலை 16, 17 நாட்களில் பாரிசில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். பிரான்சிலிருந்து ஏறக்குறைய 76,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். திரும்பியவர்கள் மிகச் சிலர். விஷி பிரான்ஸ் அல்ல என்றால், அது செய்ததற்குக் குடியரசு எப்படிப் பொறுப்பாகும்? தெ கோல் தொடங்கி மித்தெரான் வரை ஐந்தாம் குடியரசின் தலைவர்கள் இந்தத் தருக்கத்தையே பற்றி நின்றனர். 1940இல் நாட்டைக் காத்த வாதம், போருக்குப் பிறகு குற்றத்தை மூடும் திரையானது. விஷி செய்தது பிரெஞ்சு அரசின் குற்றமே என்று 1995 ஜூலை 16 அன்று குடியரசுத் தலைவர் ஷிராக் முதன்முறை ஏற்றார்.

சட்டம் அந்த இடத்துக்கு வர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. போர்தோ பகுதியிலிருந்து யூதர்களை நாடு கடத்தும் ஆணைகளில் கையெழுத்திட்ட மொரீஸ் பப்போன், போருக்குப் பிறகும் பதவிகளில் உயர்ந்து, தெ கோல் ஆட்சிக் காலத்தில் பாரிஸ் காவல்துறைத் தலைவராக 1967 வரை இருந்தவர். 1998இல் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தையானவர் என்று தீர்ப்பாகி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரப் பணிக்கப்பட்டார். அந்தத் தொகையை அரசே தர வேண்டும் என்று அவர் வழக்காடினார். 2002 ஏப்ரல் 12 அன்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் பாதித் தொகையை அரசின் தலையில் வைத்தது. விஷிச் சட்டங்களைச் செல்லாதவை என்று 1944 ஆகஸ்ட் 9 அவசரச் சட்டம் அறிவித்ததாலேயே, அவற்றின்படி நடந்த தீங்குகளுக்கான பொறுப்பிலிருந்து அரசு விடுபட்டுவிடாது. அந்தச் செயல்கள் பிழையானவை என்பதையே அந்த அறிவிப்பு காட்டுகிறது என்பது நீதிமன்றத்தின் விளக்கம்.